தாய்மாமன் ஸ்லைடு

17

பேப்பர் கப்பில் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அந்தக் கப்பைக் கசக்கித் தன் சட்டைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு போன சுந்தர்ராஜை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அலமாரி நிறைய எவர்சில்வர் டம்ளர் இருக்கிற வீட்டில் என் தம்பிக்கு மட்டும் எதற்குப் பேப்பர் கப் என்று அனுசுயா அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூன்று நாளாகியும் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சுந்தர்ராஜ் செய்த குற்றம் இதுதான்: கம்பத்தில் சொந்தமாகச் செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறான். விவசாயக் குடும்பத்துப் பையனுக்குப் போயும் போயும் இந்தத் தொழிலா என்று சொந்தபந்தம் மூக்கைப் பொத்தியது. அவரவர் வீட்டுத் தொட்டி நிரம்பினால் மட்டும் பொத்திய கையை எடுத்து அவனுக்குப் போன் போட்டது. விழாவுக்கு விருந்தாளிகள் தங்குவார்கள் என்று, காமயகவுண்டன்பட்டியில் அனுசுயா வாழ்க்கைப்பட்ட வீட்டுத் தொட்டியையும் போன புதன்கிழமை அவன்தான் வந்து காலி செய்து கொடுத்தான். அதற்குக் கிடைத்த மரியாதைதான் அந்தப் பேப்பர் கப்.

விடிந்தால் ஞாயிறு. அனுசுயாவின் ஐந்து வயது மகள் திரிஷாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அனுசுயாவுக்குக் கூடப்பிறந்தவன் சுந்தர்ராஜ் ஒருவன்தான். ஆனால் பத்திரிகையில் 'தாய்மாமன் சீர்வரிசையுடன்' என்று மட்டும் அடித்துவிட்டு, பெயர் போட இடமில்லை என்றார்கள். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். மண்டபத்து மேடையில் பத்தடிக்கு எல்.இ.டி. திரை வைக்கிறார்கள், அதில் ஓடப்போகும் ஸ்லைடுகளைச் செய்வது நான்தானே, அங்கே தம்பி பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தாள்.

*

சனிக்கிழமை காலை பதினோரு மணி. சாப்பாட்டு மேசை மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஏழாவது ஸ்லைடோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் அனுசுயா.

கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவள் பாடம் எடுக்கிறாள். ஸ்லைடில் எழுத்தைக் கண்டபடி கொட்டி வைப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஒரு ஸ்லைடுக்கு ஆறு வரி போதும், இடது ஓரம் நூல் பிடித்த மாதிரி நிற்க வேண்டும், ஒரு வரி பெரிய எழுத்திலும் அடுத்த வரி பொடி எழுத்திலும் இருக்கக் கூடாது என்று மாணவிகளை வறுத்தெடுப்பாள். தேவையில்லாததை எடுத்துவிட்டால் ஸ்லைடுக்கு அழகு தானாக வரும் என்பது அவள் வகுப்பில் தினமும் சொல்கிற பாடம்.

ஏழாவது ஸ்லைடு குடும்பத்தார் பட்டியல். இடப்பக்கம் உறவு, நடுவில் பெயர், வலப்பக்கம் தொழில். பெரியப்பா, சி. பாண்டீஸ்வரன், அரசு ஒப்பந்ததாரர். தந்தை, சி. ராஜபாண்டி, திராட்சை விவசாயி. இப்படியே ஐந்து வரி அழகாக இறங்கி வந்து ஆறாவது வரியில் முட்டிக்கொண்டு நின்றது. தாய்மாமன், பா. சுந்தர்ராஜ், கழிவுநீர் ஊர்தி உரிமையாளர்.

அந்தத் தொழில் கட்டத்துக்குள் அடங்கவில்லை. 'உரிமையாளர்' மட்டும் தனியாகக் கீழே விழுந்தது. எழுத்தைச் சின்னதாக்கினாள், அந்த வரி மட்டும் இளைத்துத் தெரிந்தது. வலப்பக்கக் கட்டத்தை அகலமாக்கினாள். நடுவில் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டன. எல்லாப் பெயரையும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் குறைத்து, ஒரு மணி நேரம் போராடி, கடைசியில் ஆறு வரியும் ஒழுங்காக நின்றபோது அவளுக்கு ஒரு வாய் காபி குடித்த தெம்பு வந்தது.

பின்னால் செருமல் கேட்டது. கணவனின் அண்ணன் பாண்டீஸ்வரன். ரோடு காண்ட்ராக்ட் எடுக்கிறவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"என்னத்தா இது? கழிவுநீருன்னு பத்தடிக்குப் போட்டு வெச்சிருக்க? சனம் சாப்பிட்டுட்டு வந்து உக்காருவாக. இதப் பாத்தா சாப்பிட்டது வெளிய வந்துரும்."

"அவன் தொழிலு அதுதான மாமா?"

"இருக்கட்டும். எல்லாத்தையுமா எழுதிக் காட்டுவாக? தேவதானப்பட்டியில இருந்து நம்ம நாகஜோதிய பொண்ணு கேட்டவக நாளைக்கு வாறாக. மொத வரிசையில உக்காருவாக. அவுக கண்ணுல இது படலாமா?"

நாகஜோதி அவருடைய மகள். அவளுக்கு வந்திருக்கிற நல்ல சம்பந்தம் கெட்டுப்போகக் கூடாது என்பதில் நியாயம் இருப்பதாக அனுசுயாவுக்கும் ஒரு நிமிடம் தோன்றியது.

"சரி மாமா. தொழில எடுத்துர்றேன். பேரு மட்டும் இருக்கட்டும்."

எடுத்தாள். ஆறாவது வரியின் வலப்பக்கம் காலியானது.

"ஓட்டப்பல்லு மாதிரியில்ல இருக்கு? எல்லாருக்கும் தொழிலு இருக்கு, இவருக்கு மட்டும் ஏன் இல்லன்னு எவனாச்சும் கேப்பான்."

"அப்ப எல்லாருக்கும் தொழில எடுத்துருவோமா மாமா? பேரு மட்டும் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்."

பாண்டீஸ்வரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அரசு ஒப்பந்ததாரர் என்ற எழுத்தைத் தொடுவது என்றால் அவருக்குத் தன் வேட்டியைத் தொட்ட மாதிரி.

"என்ன பேச்சு பேசுற? அதெல்லாம் இருக்கட்டும். அந்த ஒத்த வரியத் தூக்கிட்டு நம்ம ஈஸ்வரபாண்டியப் போடு."

அனுசுயாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"அவன் ஒன் பெரியப்பா மகன்தான? அவனும் தாய்மாமன் முறைதான். தாலுகா ஆபீசு உத்தியோகம். மேடையிலயும் புள்ளைய அவன் மடியிலயே உக்கார வெச்சுக்கிருவோம். நான் பேசிட்டேன். அவனும் சரின்னுட்டான்."

"கூடப்பொறந்தவன் இருக்கும்போது அவரு மடியில எப்படி மாமா? திரிஷா அவரப் பாத்ததே ரெண்டு தடவ இருக்கும்."

"அஞ்சு நிமிச வேல. அதுக்கு ஏத்தா இம்புட்டு விசாரணை?"

அறை வாசலில் அவள் கணவன் ராஜபாண்டி நின்றுகொண்டிருந்தான். தோட்டத்தில் திராட்சைக் கொடிக்கு ஒரு நோய் வந்தால் ராத்திரியெல்லாம் தூங்க மாட்டான். வீட்டில் எது நடந்தாலும் நிம்மதியாக இருப்பான். அனுசுயா அவனைப் பார்த்தாள்.

"அண்ணன் யோசிக்காமச் சொல்ல மாட்டாக அனு," என்றான்.

"இப்பவே மாத்து. நான் பாத்துட்டுத்தான் போவேன்," என்று பாண்டீஸ்வரன் நாற்காலியை இழுத்து அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

அனுசுயா சுந்தர்ராஜின் பெயரை அழித்தாள். மு. ஈஸ்வரபாண்டி, வருவாய்த் துறை என்று அடித்தாள்.

அடித்த கையோடு ஸ்லைடு அழகாகிவிட்டது. வருவாய்த் துறை கச்சிதமாகக் கட்டத்துக்குள் உட்கார்ந்தது. நெருக்கி வைத்திருந்த பெயர்களை மறுபடி தள்ளி வைக்க முடிந்தது. வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் கிடைத்தது. வகுப்பில் மாதிரிக்குக் காட்டலாம் போல இருந்தது. நன்றாக வந்துவிட்டது என்று அவள் கண் மகிழ்ந்தது. ஒரு நொடிதான், ஆனால் மகிழ்ந்தது.

அந்த மகிழ்ச்சியை உணர்ந்த அடுத்த நொடி அவளுக்குக் குமட்டியது. பாண்டீஸ்வரன் சொன்னதில் கூட அவ்வளவு குமட்டவில்லை. தம்பியை அழித்த இடத்தைப் பார்த்துத் தன் கண் ரசித்ததே, அதுதான் தொண்டைக்கு வந்தது. எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். தண்ணீர் போய் மறைந்த செப்டிக் தொட்டியைப் புதன்கிழமை காலி செய்தவன் யார் என்பது நினைவுக்கு வர, இன்னொரு முறை துப்பினாள்.

*

மதியம் இரண்டு மணிக்குச் சுந்தர்ராஜ் போன் செய்தான். குரலில் அவ்வளவு உற்சாகம்.

"அக்கா, பட்டுப்பாவாட தச்சு வந்துருச்சு. தோடும் ரெடி. சீர்த்தட்டு அம்பத்தொண்ணு. மலையம்மா அத்த வீட்டு ஆளுகளும் தூக்க வாறேன்னுருக்காக. ஆமா, அந்த ஸ்லைடு போட்டோ ஒண்ணு அனுப்பேன்? நம்ம வண்டி டிரைவர் சுருளிராஜன் நம்ப மாட்டேங்கிறான். அண்ணே, ஒங்க பேரு டிவியில வருமான்னு கேக்குறான்."

அனுசுயா லேப்டாப் மூடியைச் சாத்தினாள்.

"இன்னும் முடியலடா," என்றாள்.

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

"சரி சரி, மெதுவாப் பண்ணு. நான் சாயங்காலம் மண்டபத்துக்கு வருவேன்ல, அங்கனயே பாத்துக்கிறேன்."

"நீ எதுக்கு இன்னைக்கே வாற?"

"பெரிய மச்சான் போன் போட்டாக. மண்டபத்து டேங்க் ரொம்பிப் பின்னாடி வழியுதாம். நாளைக்கு அறுநூறு பேரு வாற எடம், நீ வந்தாத்தான் ஆகும் மாப்ளன்னாக. சுருளிராஜன் இன்னைக்கு லீவு. நானே எடுத்துட்டு வாறேன். முடிச்சுட்டு வீட்டுக்குப் போயி ரெண்டு தடவ குளிச்சுட்டுத்தான் சீர்த்தட்ட தொடுவேன், பயப்படாத."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

அனுசுயா போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். பாண்டீஸ்வரன் ஈஸ்வரபாண்டியிடம் பேசியாகிவிட்டது. சுந்தர்ராஜிடமும் பேசியிருக்கிறார், ஆனால் டேங்க்கைப் பற்றி மட்டும். மடி மாறிப்போன விஷயம் அவனுக்குத் தெரியாது. அதை ஏன் அவர் சொல்லவில்லை என்பது விளங்கியபோது, அப்படியும் ஒரு மனிதர் கணக்குப் போடுவாரா என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

உடனே தம்பியைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். நம்பரை எடுத்தாள், பார்த்தாள், வைத்துவிட்டாள். என்ன சொல்வது? உன் பெயரை அழித்தது நான்தான் என்றா?

*

சாயங்காலம் ஐந்து மணிக்கு மண்டபத்தில் மல்லிகை வாசமும் செப்டிக் வாடையும் கலந்து அடித்தது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்புறம் இருந்து வாடை அலையலையாக வந்தது. பந்தல்காரர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். திரிஷா கையில் போட்ட மருதாணி காயும்வரை எதையும் தொடக்கூடாது என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மேடையில் ஓடிக்கொண்டிருந்தாள்.

பாண்டீஸ்வரன் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி வந்தார்.

"தம்பிகிட்டச் சொல்லிட்டீகளா மாமா?"

"எத?"

"மடியில உக்கார வைக்கப் போறது வேற ஆளுன்னு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வேல முடியட்டும்த்தா. டேங்க காலி பண்ணிட்டான்னா பொறவு பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிருவேன். இப்பவே சொன்னா முறுக்கிக்கிட்டுப் போயிருவான். நாளைக்கு அம்புட்டு சனமும் எங்கன போவாக? நீயும் வாயத் தொறக்காத."

சொல்லிவிட்டுக் கைக்குட்டையை மறுபடி மூக்கில் வைத்துக்கொண்டார். மண்டபத்தில் எந்த வாடை மோசமானது என்று அனுசுயாவுக்கு அந்த நிமிடம் சந்தேகமே இல்லை.

திரைக்காரர் கேபிளை நீட்டினார். "மேடம், ஒரு தடவ ஓட்டிப் பாத்துருவோம்."

அவள் லேப்டாப்பை இணைத்தாள். திரை விழித்துக்கொண்டது. முதல் ஸ்லைடில் திரிஷாவின் படம். குழந்தை தன் படத்தைப் பார்த்துக் குதித்தது. இரண்டு, மூன்று, நான்கு. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஐந்து. ஆறு.

ஏழாவது ஸ்லைடு வந்தபோது பக்கவாட்டுக் கதவு திறந்தது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையுறை இடுப்பில் சொருகியிருக்க, சுந்தர்ராஜ் நின்றான். பின்கேட்டில் லாரி இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"பெரிய மச்சான், மூடி எங்கன இருக்கு?" என்று கேட்க வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். பத்தடித் திரையைப் பார்த்துவிட்டான்.

அவன் மெதுவாகப் படிக்கிறவன். மேலிருந்து ஒவ்வொரு வரியாகக் கண்ணை இறக்கிக்கொண்டு வந்தான். பெரியப்பா. தந்தை. தாய். கடைசி வரிக்கு வந்து அங்கேயே நின்றான். எழுத்து ஒவ்வொன்றும் அவன் தலை அளவு இருந்தது.

மாமா என்று கத்திக்கொண்டு ஓடிவந்த திரிஷாவை, "தொடாத சாமி, மாமா மேல அழுக்கு," என்று ஒதுங்கிக்கொண்டு சொன்னான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"நீதான அக்கா இத அடிச்ச?"

அவர்கள் சொன்னார்கள், நான் எதிர்த்துக் கேட்டுப் பார்த்தேன், என்றெல்லாம் சொல்ல நாக்கு துடித்தது. அத்தனையும் உண்மைதான். ஆனால் அவன் கேட்டது அதையில்லை.

"ஆமாடா. நான்தான் அடிச்சேன்," என்றாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மாப்ள, இங்க பாரு, அது வந்து..." என்று பாண்டீஸ்வரன் தோளைத் தொட வந்தார். தொடவில்லை. பூட்ஸைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

சுந்தர்ராஜ் அவரைத் தாண்டி ராஜபாண்டியைப் பார்த்தான். பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவன் அவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருந்தான்.

"மச்சான், புள்ளைக்கு அப்பா நீங்க. நீங்களே சொல்லுங்க. நாளைக்கு நான் முன்வாசல்ல சீர்த்தட்டோட வரணுமா? இல்ல இப்ப இந்தப் பின்வாசல்ல குழாயப் போட்டுட்டு அப்படியே போயிரணுமா? ரெண்டுல எதுன்னு சொல்லிட்டா நான் பாட்டுக்கு வேலயப் பாப்பேன்."

அனுசுயா கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். முன்வாசல் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் காலையில் இருந்து நடந்த அத்தனையையும் மன்னித்துவிடலாம் என்று அவள் மனம் கெஞ்சியது.

ராஜபாண்டி வாயைத் திறந்தான். திறந்தவன் முதலில் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

எட்டு வருடமாக அவன் இப்படித் திரும்பிப் பார்ப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அடக்கம் என்று நினைத்திருக்கிறாள், மரியாதை என்று நினைத்திருக்கிறாள், ஊரில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள். இன்றைக்கு அதைப் பார்க்கவே அவளுக்குச் சகிக்கவில்லை. அழுகின பழத்தைத் தெரியாமல் கடித்துவிட்ட மாதிரி முகம் கோணிக்கொண்டது.

கேபிளைப் பிடுங்கினாள். திரை இருண்டது. லேப்டாப்பை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு திரிஷாவைத் தூக்கினாள். ஈர மருதாணி அவள் பட்டுச்சேலைத் தோளில் பத்து விரலாகப் பதிந்தது.

"சுந்தரு, குழாய எறக்கிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"எறக்காத. வண்டியத் திருப்பு. நானும் புள்ளயும் வாறோம்."

"அக்கா, முன்சீட்டுல எல்லாம்... நீ பட்டுச்சேலயோட எப்படிக்கா..."

"திருப்புடான்னா திருப்பு."

"அனு, என்ன இது, ஆளுக பாக்குறாக," என்று ராஜபாண்டி முணுமுணுத்தான். அவள் நிற்கவில்லை. பின்கேட்டில் நின்ற லாரியின் படி உயரமாக இருந்தது. குழந்தையை முதலில் ஏற்றி, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தானும் ஏறினாள். உள்ளே டீசலும் ஃபினாயிலும்தான் வாடை அடித்தன. வேறெதுவும் இல்லை.

வண்டி பின்னால் நகர்ந்து ரோட்டைப் பிடித்தபோது பாண்டீஸ்வரன் கேட் வரை ஓடி வந்தார். கைக்குட்டை எங்கேயோ விழுந்துவிட்டது.

"ஏலே மாப்ள! ஏலே! டேங்க எடுத்துக் குடுத்துட்டாவது போடா!"

நாளைக்குக் காது குத்த வேண்டிய பிள்ளை அந்த வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்று ஒருவரும் சொல்லவில்லை.

கம்பம் ரோட்டில் திரும்பும்போது அனுசுயா பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். ராஜபாண்டி மண்டபத்து வாசலுக்கு ஓடி வந்து அவசர அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். எங்கே போவதற்கு என்றுதான் தெரியவில்லை. வண்டியைப் பிடிக்கவா, வேறு லாரி தேடவா?